ஒரு கிரெய்ன் ஈயம் எங்க காணாமப் போச்சு?

அமெரிக்காவுல ஈயத்த உருக்கி வீட்டுலயே துப்பாக்கி குண்டு வார்க்கற ஆளுங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க, அவங்கள்ல பாதிப் பேர் எடை மாறினா குறி தப்பும்னு வார்த்த குண்ட ஒவ்வொண்ணா தராசுல வச்சு எடை பாத்து, 0.1 கிரெய்ன் (சுமார் ஆறரை மில்லிகிராம்) வித்தியாசத்துக்கெல்லாம் தனித்தனி டப்பா போட்டுப் பிரிச்சு வைப்பாங்க, மீதிப் பாதி "வேற வேலை இல்லையா"னு சிரிப்பாங்க. ரெண்டு பக்கத்துக்கும் அனுபவம் இருக்கு, ரெண்டு பக்கமும் டார்கெட் பேப்பரைத் தூக்கிக் காட்டும். யாரு சொல்றது சரின்னு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், ரெண்டு பேருமே ஒரு கேள்விய விட்டுட்டுத்தான் சண்டை போடறாங்கன்னு தோணுச்சு. அதுதான் இந்த கேஸ்.

(முன்னாடியே சொல்லிடறேன், இது அங்கத்திய சமாச்சாரம். இந்தியாவுல ஆயுதச் சட்டம் 1959 படி லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குத்தம், யாரும் அடுப்பப் பத்த வைக்காதீங்க.)

கேஸுக்கு ஒரே ஒரு குண்டு எடுத்துக்கறேன். தர்ட்டி-தர்ட்டி வின்செஸ்டர், 1895ல வந்த தோட்டா (குண்டும் மருந்தும் சேந்த முழு உருப்படி), மான் வேட்டைக்காரங்க இன்னிக்கும் விடாம வச்சிருக்கறது. குண்டு 170 கிரெய்ன், அதாவது 11 கிராம், ஒன்னேகால் பவுனுக்குக் கொஞ்சம் மேல. மூக்கு தட்டையா இருக்கும், ஏன்னா இந்த லீவர் ரைஃபிள்ல தோட்டாக்கள் குழாய்க்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா நிக்கும், மூக்கு கூரா இருந்தா முன்னாடி நிக்கற தோட்டாவோட ப்ரைமர் (அடிபட்டா பத்திக்கிட்டு மருந்தப் பத்த வைக்கற பகுதி) மேல குத்தி குழாய்க்குள்ளயே வெடிச்சாலும் வெடிக்கும். குழல்லேர்ந்து கிளம்பற வேகம் விநாடிக்கு 1800 அடின்னு வச்சுக்குவோம், வார்த்த குண்டுக்கு அது சாதாரண வேகம்தான். குழலுக்குள்ள குண்டச் சுழல வைக்கற திருகுப் பள்ளம், அதாவது மரை, 12 இஞ்சுக்கு ஒரு சுத்து. தூரம் 100 கெஜம்.

ஒரு கிரெய்ன்ங்கறது எவ்ளோன்னா சுமார் 65 மில்லிகிராம், பழைய பொற்கொல்லர் கணக்குல குன்றிமணியில பாதி. இப்ப நம்ம 170 கிரெய்ன் குண்டுகளுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் 169 வந்திருக்கு. அது டார்கெட்ல எங்க போய் விழும்?

மொதல்ல எடைய மட்டும் பாப்போம். மருந்து அதே அளவு, குண்டு 0.6 சதவீதம் லேசு. மருந்து குடுக்கற சக்தி மாறலன்னே வச்சுக்கிட்டா வேகம் அதுல பாதி, 0.3 சதவீதம் கூடும், அதாவது விநாடிக்கு ஒரு அஞ்சு அடி (நிஜத்துல குண்டு லேசானா அழுத்தமும் கொஞ்சம் கொறையும், அதனால அவ்ளோ கூட கூடாது). 100 கெஜம் போய்ச்சேர சுமார் 0.18 விநாடி, அந்த நேரத்துக்குள்ள குண்டு பூமியப் பாத்து ஒரு 16 சென்டிமீட்டர் கீழ இறங்கும். கொஞ்சம் சீக்கிரம் போனதால இந்த இறக்கத்துல 0.6 சதவீதம் மிச்சமாகும். அது எவ்ளோ? ஒரு மில்லிமீட்டர். குண்டு போட்ட ஓட்டையோட அகலமே 7.8 மில்லிமீட்டர், அதுல ஒரு மில்லிமீட்டர யாரு பாக்கப்போறா. தூரத்த 200 கெஜமா ஆக்கினாக்கூட நாலு அஞ்சு மில்லிமீட்டர்தான்.

சிரிக்கற கோஷ்டி ஜெயிச்சாச்சுன்னு தோணும், அவங்க இந்தக் கணக்கைத்தான் எப்பவும் காட்டுவாங்க. தப்பான கணக்கு இல்ல. ஆனா அந்த ஒரு கிரெய்ன் ஏன் கொறஞ்சுதுன்னு இதுல யாரும் கேக்கவே இல்லை.

குண்டு வார்க்கற அச்சு இரும்புலயோ அலுமினியத்துலயோ பண்ணது, உள்ள இருக்கற பள்ளத்தோட கொள்ளளவு மாறாது. ஒரே உலோகம் ஒரே சூட்டுல ஊத்தி ஒண்ணு மட்டும் ஒரு கிரெய்ன் கம்மியா வந்தா, வெளியில பாக்க முழுசா இருந்தா, உள்ள எங்கயோ ஈயம் இல்லாத இடம் இருக்குன்னு அர்த்தம். காத்து மாட்டியிருக்கும், இல்ல கசடு மாட்டியிருக்கும், இல்ல உலோகம் உறையறப்ப சுருங்கி நடுவுல பொக்கை விழுந்திருக்கும். ஒரு கிரெய்ன் ஈயத்தோட இடம் சுமார் 6 கன மில்லிமீட்டர், உருண்டையா நெனச்சா 2.2 மில்லிமீட்டர் குறுக்களவு, கடுகவிட ஒரு சுத்து பெருசு. அந்தக் கடுகு குண்டோட நட்டநடுவுல இல்லாம ஓரத்துல, நடுக்கோட்டுலேர்ந்து 2 மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க.

அப்போ குண்டோட கனமையம் நடுக்கோட்டுல இருக்காது. எவ்ளோ நகரும்? 2 மில்லிமீட்டரை கிட்டத்தட்ட 170ஆல வகுத்தா 0.012 மில்லிமீட்டர். தலைமுடியோட கனத்துல ஏழுல எட்டுல ஒரு பங்கு, இதுல என்ன ஆகிடப்போகுதுன்னு நானும்தான் நெனச்சேன்.

ஆனா குண்டு சுத்துது. ஒரு அடிக்கு ஒரு சுத்து, விநாடிக்கு 1800 அடின்னா விநாடிக்கு 1800 சுத்து, நிமிஷத்துக்கு 1,08,000. குழலுக்குள்ள இருக்கற வரைக்கும் குண்டு குழலோட நடுக்கோட்டையே சுத்தியாகணும், வேற வழியில்ல, சுத்தி இரும்பு. அதனால கனமையம் நடுவ விட்டு 0.012 மில்லிமீட்டர் தள்ளி ஒரு குட்டி வட்டம் போட்டுக்கிட்டே வரும். வாயை விட்டு வெளிய வந்த நொடியில பிடிச்சு வைக்க ஆளில்ல, கனமையம் அந்த நேரத்துல எந்தப் பக்கம் போய்க்கிட்டு இருந்துதோ அந்தப் பக்கமே நேரா போயிடும். கவண்ல கல்லு சுத்தி விட்டவங்களுக்கு இதை வெளக்கவே வேணாம், கயிறு விட்ட எடத்துல கல்லு எந்தப் பக்கம் பாத்துதோ அந்தப் பக்கம்தான் போகும்.

எவ்ளோ தூரம் போகும்ங்கறது சுலபக் கணக்கு. ஒரு சுத்துக்கு கனமையம் போடற வட்டத்தோட சுற்றளவு சுமார் 0.074 மில்லிமீட்டர். 100 கெஜம்ங்கறது 300 அடி, நம்ம மரைக்கு சரியா 300 சுத்து. 300ஐ 0.074ஆல பெருக்குங்க. 22 மில்லிமீட்டர்.

அதே ஒரு கிரெய்ன்தான். வெறும் எடையா அது பண்ணது ஒரு மில்லிமீட்டர், ஓரத்துல பொக்கையா இருந்து பண்ணது 22. அதுவும் எடையால வந்தது மேல கீழ மட்டும்தான், இது எந்தப் பக்கம் வேணா போகும், தோட்டாவ சேம்பர்ல (குழலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற அறை) போடறப்ப பொக்கை எந்தப் பக்கம் பாத்து உக்காந்துதோ அதப் பொறுத்து. ஒண்ணு இடது பக்கம் 22, ஒண்ணு வலது பக்கம் 22ன்னா ரெண்டுக்கும் நடுவுல 44 மில்லிமீட்டர் இடைவெளி.

இப்ப அதே கடுகு அளவு பொக்கை சரியா நடுக்கோட்டு மேலயே இருந்தா? தராசுல அதே 169. கனமையம் பக்கவாட்டுல நகரவே இல்ல, 22 மில்லிமீட்டரும் இல்ல, அந்த ஒரு மில்லிமீட்டர் மட்டும்தான். ரெண்டு குண்டையும் தராசுல மாத்தி மாத்தி வச்சா ஒரே நம்பர். எடை பாக்கறவங்க கண்டுபிடிக்கறது பொக்கை இருக்காங்கறத மட்டும், அது எங்க இருக்குங்கறத இல்ல. "லேசான குண்டெல்லாம் தனியா எடுத்து சுட்டேன், ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் போச்சு"னு ஒருத்தர் சொல்றதும், "லேசானதுல ஒண்ணு எங்கயோ போச்சு"னு இன்னொருத்தர் சொல்றதும் ரெண்டுமே உண்மையா இருக்க வழியிருக்கு. உறையற உலோகம் கடைசியா இறுகற இடம் ஸ்ப்ரூ பிளேட்டுக்கு (அச்சு மேல ஈயம் ஊத்தற ஓட்டை உள்ள தகடு, மேல உறைஞ்சு நிக்கற ஸ்ப்ரூவ வெட்டறதும் இதுதான்) கீழ, அடிப்பாகத்துப் பக்கம், அதுவும் பெரும்பாலும் நடுவுல. அதனால சுருங்கி விழற பொக்கை பாதி நேரம் அதிகம் தொந்தரவு குடுக்காத இடத்துல விழுது. காத்தும் கசடும் அப்டி இல்ல, அதுக்கு எங்க தோணுதோ அங்க மாட்டிக்கும்.

இதை வெறும் காகிதக் கணக்குன்னு நெனைக்க வேணாம், நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் வேணும்னே குண்டைக் கெடுத்துச் சுட்டுப் பாத்திருக்கார். டாக்டர் ஃப்ராங்க்ளின் மேன், மாசசூசெட்ஸ்ல மில்ஃபோர்டுங்கற ஊர்க்காரர், படிச்சது வைத்தியம், காசு பாத்தது கோழித்தீவனத்துக்கு எலும்பு அரைக்கற மிஷின் பண்ணி வித்து, அந்தக் காசையும் வாழ்க்கையில பெரும்பகுதியையும் செலவழிச்சது குண்டு ஏன் நேரா போகலங்கற ஒரே கேள்விக்கு. இந்த மாதிரி மனுஷங்களப் படிக்கறப்ப எனக்கு எப்பவும் அவங்க வீட்டம்மாவோட பொறுமைதான் மொதல்ல கண்ணுல நிக்கும். தோள்ல வச்சு சுட்டா மனுஷனோட தப்பும் சேந்துக்கும்னு, இரும்புல வி வடிவத்துல ஒரு தாங்கி பண்ணி அதை கான்க்ரீட் மேல நிறுத்தி, வட்டமான வளையம் மாட்டின பேரலை அதுல வச்சு சுட்டார். குண்டுல பக்கவாட்டுல ஓட்டை போட்டார், அடிப்பாகத்த ஒரு ஓரமா செதுக்கினார், மூக்க சிதைச்சார், போற வழியில காகிதத் திரைங்கள நிறுத்தி குண்டு எந்தெந்த இடத்துல எப்டித் துளைச்சுட்டுப் போகுதுன்னு பாத்தார். 1909ல எல்லாத்தையும் புத்தகமா போட்டார்.

அவர் கண்டதுல இன்னிக்கும் எல்லாரும் சொல்ற விஷயம், மூக்கு அடிபட்ட குண்டு நாம பயப்படற அளவுக்குக் கெட்டுப்போறதில்ல, அடிப்பாகம் ஒரு பக்கமா கெட்டா குண்டு எங்கயோ போகும். காரணம் சுலபம், குழல் வாயை விட்டு கடைசியா வெளிய வர்றது அடிப்பாகம், பின்னாடி அழுத்தத்தோட காஸ் துரத்திக்கிட்டு வருது, ஒரு ஓரம் முன்னாடி திறந்தா காஸ் அந்தப் பக்கமா பீச்சி குண்டோட வால ஒரு தள்ளு தள்ளிடும். இதை ஏன் எடை பாக்கற கதையில சொல்றேன்னா, அடிப்பாகத்து ஓரம் லேசா உருண்டு போன குண்டு தராசுல 0.1 கிரெய்ன் கூட கொறையாது. தராசு பாஸ் போட்டுடும். கண்ணால பாத்தா மாட்டிக்கும். நான் கேட்டா மொதல்ல பூதக்கண்ணாடி, அப்புறம்தான் தராசு. நெறைய பேர் நேர் எதிரா பண்றாங்க, டிஜிட்டல் நம்பர் வருதுங்கற ஒரே காரணத்துக்காக.

உலோகத்தப் பத்தி கொஞ்சம். ஈயம்னதும் நமக்கு ஈயச்சொம்பு ரசம் ஞாபகம் வரும், அது வெள்ளீயம், இங்க உருக்கறது காரீயம், விஷம், இது ரெண்டையும் கொழப்பிக்கவே கூடாது. ஆனா வெள்ளீயத்துக்கும் இங்க வேலை இருக்கு, சுத்தக் காரீயம் அச்சோட மூலை முடுக்கெல்லாம் போய் நெறையாது, கொஞ்சம் வெள்ளீயம் சேத்தா நல்லா ஓடி நெறையும், ஆன்டிமனி சேத்தா கெட்டியாகும். லைமன் நம்பர் 2ன்னு புகழ்பெத்த கலவை ஒண்ணு, 90 பங்கு காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. பழைய அச்சகத்து லைனோடைப் உலோகம் 84, 4, 12. காரீயத்தவிட மத்த ரெண்டும் லேசு, அதனால ஒரே அச்சுல லைனோடைப் ஊத்தினா குண்டு சில கிரெய்ன் கம்மியா வரும், அதுல பொக்கை எதுவும் கிடையாது. பாதி சட்டியில புது உலோகம் போட்டுக் கலந்தாலே எடை நகந்துடும். இந்த லேசையும் பொக்கை லேசையும் ஒண்ணா பாத்து பயந்தவங்க நெறைய.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா ரொம்ப காலமா இவங்களுக்கு ஈயம் கெடைச்சதே டயர் கடையிலேர்ந்துதான், சக்கரம் ஆடாம இருக்க ரிம்முல கிளிப் போட்டு மாட்டுவாங்களே அந்த வீல் வெயிட். சக்கரத்துல ஒரு பக்கம் கனம் கூடுனா வண்டி ஆடும்னு மெக்கானிக் ஒட்டின ஈயத்த எடுத்து உருக்கி, குண்டுல ஒரு பக்கம் கனம் கொறைஞ்சா ஆடும்னு இவங்க உக்காந்து எடை பாக்கறாங்க. இப்ப பல மாநிலத்துல ஈய வீல் வெயிட்டுக்கே தடை, துத்தநாகமும் இரும்பும்தான் வருது, ஒரு துத்தநாகத் துண்டு தெரியாம சட்டியில உருகிட்டா அச்சு நெறையாம மொத்த சட்டியும் வீணாகும்.

எடை பிரிச்ச குவியலப் பாத்தா ஒரு விஷயம் புரியும், லேசான பக்கமும் கனமான பக்கமும் ஒண்ணு இல்ல. அச்சுல எவ்ளோ இடமோ அவ்ளோதான் ஈயம் போகும், உலோகம் மாறலன்னா அதுக்கு மேல கனம் கூட ஒரே வழி அச்சோட ரெண்டு பாதியும் சரியா மூடாம இருந்தது. அப்டி குறுக்களவு ஒரு இஞ்சுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு கூடினாலே நம்ம குண்டுல சுமார் 0.4 கிரெய்ன் ஏறிடும், ஆனா அது சைஸிங் டையில (குண்ட அழுத்தி ஒரே குறுக்களவுக்குக் கொண்டு வர்ற வளையம்) போய் வர்றப்ப குறுக்களவு சரியாகிடும், பெரிய ஆபத்தில்ல. லேசான பக்கத்துக்கு அந்த மாதிரி எல்லை கிடையாது, பொக்கை எவ்ளோ பெருசோ அவ்ளோ தூரம் வால் நீளும். அதனால கனமானத 0.1, 0.1ஆ பிரிச்சு அடுக்கறது வீண் வேலைன்னு நான் நெனைக்கறேன், லேசான வால மட்டும் வெட்டித் தூக்கிப்போட்டா வேலை முடிஞ்சுது.

ரெட்டைப் பள்ள அச்சு வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு சிக்கல். ரெண்டு பள்ளமும் ஒரே அளவுன்னு கம்பெனி சொன்னாலும் அரை கிரெய்ன் வித்தியாசம் சுலபமா வரலாம், ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டி எடை பாத்தா நம்பர்ல ரெண்டு மேடு தெரியும், நடுவுல இறக்கம். "லேசான" மேட்டுல இருக்கற அம்பது குண்டும் ஒரு கொறையும் இல்லாத குண்டு, அதை எல்லாம் கழிச்சுட்டு, கனமான பள்ளத்துலேர்ந்து வந்து உள்ள அரை கிரெய்ன் பொக்கையோட இருக்கற குண்டு "சராசரி எடை"ன்னு நல்ல டப்பாவுல போய் உக்காந்துக்கும். தராசு சொல்ற பொய்யிலயே இதுதான் மோசம். அச்சோட ஒரு பள்ளத்துல ஓரமா ஒரு சின்ன கீறல் போட்டு வச்சுட்டா அதோட தடம் குண்டுல விழும், எந்தக் குண்டு எதுலேர்ந்து வந்துதுன்னு தெரியும், தனித்தனியா எடை பாக்கலாம்.

அதே கீறல்ல இன்னொரு லாபமும் இருக்கு. ஒவ்வொரு தோட்டாவையும் கீறல் மேல இருக்கற மாதிரி சேம்பர்ல போட்டா, அச்சு கோணலா இருந்து எல்லா குண்டும் ஒரே பக்கம் சாய்ஞ்சிருந்தாலும் எல்லாம் ஒரே பக்கமே போகும், குரூப், அதாவது டார்கெட்ல ஓட்டைங்க விழுந்த கூட்டம், அகலமாகாம மொத்தமா இடம் மாறும், குறி பாக்கற சைட்டத் திருப்பினா சரியாப்போச்சு. ஆனா தற்செயலா விழற பொக்கைக்கு இது உதவாது, அது குண்டுக்குக் குண்டு வேற வேற பக்கம்.

எல்லா துப்பாக்கிக்கும் இந்த 22 மில்லிமீட்டர் பொருந்தாது. ஃபார்ட்டிஃபைவ்-செவன்டிங்கற இன்னொரு தோட்டாவ எடுங்க, 500 கிரெய்ன் குண்டு, மரை 20 இஞ்சுக்கு ஒரு சுத்து. அதே ஒரு கிரெய்ன் பொக்கை, குண்டு தடிங்கறதால நடுவுலேர்ந்து 4 மில்லிமீட்டர் தள்ளியே வைங்க, கணக்குப் போட்டா 100 கெஜத்துக்கு 9 மில்லிமீட்டர்தான் வரும். கனமான குண்டு, மெதுவான சுத்து, ரெண்டும் சேந்து மன்னிச்சுடுது. சின்னக் குண்டு, வேகமான சுத்துன்னா மன்னிப்பே இல்ல.

அப்புறம் உங்க துப்பாக்கியே எவ்ளோ நேரா சுடும்ங்கறது இருக்கு. 0.2 கிரெய்ன் பொக்கைன்னா நம்ம தர்ட்டி-தர்ட்டியில நாலு மில்லிமீட்டர் சொச்சம். குரூப்பே 75 மில்லிமீட்டர் வர்ற பழைய லீவர் ரைஃபிள்ல அந்த நாலு எங்க தெரியும்? அதைச் சோதிக்கறேன்னு பிரிச்ச குண்டுல ஒரு அஞ்சு, பிரிக்காத குண்டுல ஒரு அஞ்சு சுட்டு, "பாருங்க 20 சதவீதம் சின்னதாயிடுச்சு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, ஒரே டப்பாவுலேர்ந்து எடுத்து அஞ்சு அஞ்சா சுட்டாலே குரூப் அளவு சராசரியிலேர்ந்து கால் பங்கு ஏறி இறங்கறது சகஜம். 10 சதவீத வித்தியாசத்த நம்பிக்கையா பிடிக்கணும்னா ரெண்டு பக்கமும் பல டஜன் குரூப் சுடணும், அதுக்குள்ள தோளும் ஈயமும் தீந்துடும். மேன் மாதிரி பெருசா கெடுத்துச் சுடறதுதான் புத்திசாலித்தனம், பக்கவாட்டுல ஒரே அளவு ஓட்டை போட்ட பத்து குண்டு, ஓட்டைய வேற வேற பக்கம் பாக்க வச்சு சுட்டா பத்து ஷாட்லயே டார்கெட்ல வளையம் மாதிரி பரவறது தெரியும்.

மேன் காலத்துல ஹாரி போப்னு ஒரு பேரல் கலைஞர் இருந்தார். அவரோட பேரல் வச்சு கொலராடோவுல போல்டர் ஊர்க்காரர் ரோலண்ட் 1901ல 200 கெஜத்துல பத்து ஷாட் சுட்டார், பத்தும் 0.725 இஞ்சுக்குள்ள, அதாவது 18 மில்லிமீட்டருக்கு சொச்சம். வார்த்த ஈயக் குண்டு. நம்ம ஓரப் பொக்கை குண்டு 200 கெஜத்துல தனியாளா 44 மில்லிமீட்டர் விலகும், அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு அந்தப் பத்துல நுழைஞ்சிருந்தாலும் அந்த குரூப்பப் பத்தி இன்னிக்கு யாரும் பேசியிருக்க மாட்டாங்க.

போப்போட அச்சுல ஈயத்த அடிப்பக்கமா ஊத்த மாட்டாங்க, மூக்குப் பக்கமா ஊத்தணும். ஸ்ப்ரூ வெட்டற வடுவும், கடைசியா உறையற இடத்துல விழற பொக்கையும், எல்லாம் மூக்குக்குப் போயிடும், அடிப்பாகம் அச்சோட இரும்பு மேலயே உக்காந்து ஓரம் கூரா வெளிய வரும். குண்ட குழல் வாய் வழியா, ஃபால்ஸ் மசில்னு ஒரு துணைத்துண்டு மாட்டி உள்ள தள்ளுவாங்க, மருந்து வச்ச தோட்டா பின்னாடிலேர்ந்து போகும், அதனால அடிப்பாகத்துல பிசிறு பின்னாடி இழுத்துக்கிட்டு நிக்காது. தராசு கண்டுபிடிக்க முடியாத ரெண்டு தப்பையும் அவர் அச்சுலயும் லோடிங்லயுமே தீத்து வச்சுட்டார். இன்னிக்கு கடையில கெடைக்கற அச்செல்லாம் பெரும்பாலும் அடிப்பக்கமா ஊத்தறதுதான், வேகமா வேலை ஆகும்னு.

அடிப்பக்கம் ஊத்தற அச்ச வச்சிருக்கவங்க பண்ணக்கூடியது, ஸ்ப்ரூ மேல தாராளமா ஒரு குட்டை தேங்க விடறது, உறையறப்ப குண்டு உள்ளேர்ந்து சுருங்கினா மேல இருக்கற திரவம் இறங்கி அந்த இடத்த நெரப்பும். குட்டை மேல பனி படிஞ்ச மாதிரி நெறம் மாறினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு விநாடி பொறுத்து வெட்டணும், அவசரப்பட்டா பிளேட்டுல ஈயம் பூசிக்கும், அடிப்பாகத்துல குழி பிடுங்கிக்கிட்டு வரும். மொத இருவது குண்டு அச்சு சூடேறாம சுருக்கம் விழுந்து வரும், அதை எடை பாக்கவே வேணாம், நேரா சட்டிக்கு. காஞ்சு போனதுன்னு நிச்சயமா தெரியாத எந்த ஈயத்தையும் உருகின சட்டியில போடக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சுன்னா ஆவியாகி மொத்த சட்டியும் மூஞ்சிக்கு வரும். தராசுல தோத்த லேசான குண்டுங்களும் ஒரு பழைய காபி டப்பாவுல சேந்துக்கிட்டே இருக்கும், அடுத்த தடவை உருக்கறப்ப அதுங்கதான் மொதல்ல உள்ள போகும்.